நாம் இருவர் வாய் வைத்த நாடா

அக்கா,

டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாடா இருக்கிறது. நம் தறியில் ஓடியது அல்ல. இங்கிலாந்தில் ஒரு மியூசியத்துக் கடையில் என் மகள் மலர் எனக்கு வாங்கிக் கொடுத்தது. வழவழவென்று வார்னிஷ் அடித்து, முனை இரண்டையும் மினுக்கி, மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பாவு நூலுக்குள் குறுக்கே ஒரு நாளும் ஓடாத மரக்கட்டை. நூல் வெளியே வருகிற சின்னத் துளை மட்டும் சரியான இடத்தில் இருக்கிறது. இன்று காலை தூசு தட்டும்போது அந்தத் துளையில் வாய் வைத்துவிட்டேன். துடைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

மலர் என்றால் உங்களுக்குக் கைக்குழந்தைதான் ஞாபகம் இருக்கும். நீங்கள் போனபோது அவளுக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. இப்போது அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு தடவையாவது வந்து பார் என்று நச்சரித்து என்னை அழைத்துக்கொண்டாள். போனேன். குளிரில் பல் கிட்டிப்போனது. வெயிலில் வெந்தே பழகிய நமக்கு அந்த ஊர் ஒத்துவராது.

ஊருக்கு நடுவே ஒரு ஆறு. நம் கமண்டல நாகநதி மாதிரி மணலாய்க் கிடப்பதில்லை. இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு, டீத்தண்ணி நிறத்தில் சத்தமில்லாமல் போகிறது. கரையோரம் முழுக்கச் செங்கல் மில்கள், ஐந்து மாடி ஆறு மாடிக்கு. புகைபோக்கிகள் நிற்கின்றன, புகை இல்லை. ஒரு மில்லில் குடித்தனம் இருக்கிறார்கள். இன்னொன்றில் படம் மாட்டி வைத்திருக்கிறார்கள். பாய்லர் இருந்த இடத்தில் காபிக் கடை. வெளியே பச்சை நிறத்தில் முடி வைத்த ஒரு பெண் கிதார் வாசித்துப் பாடுகிறாள், பத்துப் பேர் மழையில் நனைந்துகொண்டு கேட்கிறார்கள். மலர் காட்டக் காட்ட நான் ஊம் கொட்டிக்கொண்டு போனேன். சும்மா சொல்லக்கூடாது, ஊரைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஒரு சுவர் நிறைய அந்தக் காலத்து மில் பெண்களின் படம். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். தோளில் சால்வை, காலில் மரச்செருப்பு. யார் பெயரும் எழுதவில்லை. கடைசியில் நின்ற ஒருத்தி உங்களைப் போலவே மேலுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, சீக்கிரம் எடுத்துத் தொலையேன் என்கிற மாதிரி நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் அவளைத் தாண்டி வர நேரமானது.

ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள் நாம், நீங்கள் அண்ணனுக்கு, நான் தம்பிக்கு. ஓரகத்திகள் ஒரே சமையல்கட்டில் சண்டையில்லாமல் இருப்பதே பெரிய விஷயம். நாம் ஒரே தறியில் உட்கார்ந்தோம். ஆண்கள் இரண்டு பேரும் அரிசி மில்லுக்குப் போய்விட, பட்டுத்தறி நம் கையில். நீங்கள் நடுவில், நான் வலப்பக்கம் கரை போட. நான் நாடாவைத் தாமதமாகத் தள்ளினால் முழங்கையால் விலாவில் ஒரு இடி விழும். சாயந்திரம் அதே கையால் எனக்குப் பூ வைத்துவிடுவீர்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. மலர் பிறந்ததும் ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது நீங்கள்தான். பெயர் வைத்ததும் நீங்கள்தான்.

குழந்தைக்கு முகம் பார்த்துச் சிரிக்கத் தெரிந்த நேரம் உங்களுக்கு இருமல் வந்தது. பட்டுத்தூசு என்றோம். பனி என்றோம். துப்பினதில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நீங்கள் செய்த முதல் வேலை, உங்கள் டம்ளரின் அடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தது. தட்டைத் தனியாக மாட்ட ஆணி அடித்தது. பாயைப் பின்கட்டுக்குக் கொண்டுபோனது. யாரும் உங்களிடம் சொல்லவில்லை. எதற்கக்கா இதெல்லாம் என்று நான் கேட்டதற்கு, பச்சைக் குழந்தை இருக்கிற வீடு என்றீர்கள்.

அப்புறம் மலரைத் தொடவே இல்லை. அவள் தவழ்ந்து வந்தால் நீங்கள் எழுந்து போவீர்கள். உங்கள் புடவையைப் பிடித்து இழுத்து அழுவாள். நீங்கள் கொசுவத்தை உருவிக்கொண்டு நகர்வீர்கள். எனக்கே வயிறு எரியும். ஒருநாள் மனசு கேட்காமல் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இன்னாத்துக்குடி கொழந்தய இங்க தூக்கினு வந்த? அந்தாண்ட எட்துகினு போ."

அவ்வளவு கோபமாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. தறிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

தறி மட்டும் நிற்கவில்லை. முகூர்த்த மாசம் நெருங்கிவிட்டது, புடவையை முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் உடம்பு தேறினாற்போல் இருந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டீர்கள். அது வயிற்றைக் குமட்டுகிறது, தறிக்குழியில் குனிந்து உட்கார முடியவில்லை என்றீர்கள். திரும்ப வந்தபோது நோய் ஆளை உருக்கிவிட்டது.

அந்த நாட்களைத்தான் நான் அந்த ஊரில், அந்நியர்கள் நடுவில் நின்று திரும்பப் பார்த்தேன் அக்கா.

மியூசியத்தில் ஒரு தறியை ஓட்டிக் காட்டினார்கள். இரும்புத் தறி. காது அடைத்துப்போகிற சத்தம். நிறுத்திய பிறகு, ஏப்ரன் கட்டிய வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், பழைய நாடா ஒன்றை எடுத்து, உள்ளே நூல் சுற்றிய தாரைப் பொருத்தி, நூலை இந்தத் துளை வழியாக எப்படி வெளியே எடுப்பது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். மலர் எனக்குச் சொல்லி முடிப்பதற்குள் என் கை நீண்டுவிட்டது. வாங்கினேன், உதட்டில் வைத்தேன், ஒரே உறிஞ்சு. நூல் நாக்கில் வந்து நின்றது. இத்தனை வருஷம் கழித்தும் பிசகவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமைகூட வந்தது.

அந்த அம்மா கை தட்டவில்லை. என் கையிலிருந்து நாடாவை மெதுவாக வாங்கிக்கொண்டு ஏதோ பேசினார். மலர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவருடைய தாயார் இதே மில்லில் வேலை பார்த்தவராம். உறிஞ்சி உறிஞ்சி முன்பல் போய்விட்டதாம். நாடாவுக்கு முத்தம் கொடுப்பது என்று அதற்குப் பெயராம்.

"ஒருத்திக்கு நெஞ்சுல நோவு இருந்தா, அதே நாடாவ வாங்கி உறிஞ்சறவளுக்கும் வந்துடும்னு பயந்தாங்களாம்மா. வருமா வராதான்னு டாக்டருங்க ரொம்ப நாள் சண்ட போட்டாங்களாம். கடைசில வாய் வெக்கவே கூடாதுன்னு நிறுத்திட்டாங்களாம்."

சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசி வார்த்தையில் மெதுவானாள். என் முகத்தைப் பார்த்தாள். கைக்குழந்தையில் தன் கழுத்து நெறிகட்டி வீங்கியதும் காசநோய்தான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு வந்ததும் தெரியும். வெளிநாட்டு வேலைக்கு எக்ஸ்ரே எடுத்தபோது எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. யாரிடமிருந்து வந்தது என்று கேட்டபோது, ஊரில் யாரிடமிருந்தோ என்றுதான் சொல்லியிருந்தேன். நானும் அப்படித்தான் நம்பினேன். உங்கள் டம்ளரை யாரும் தொடவில்லையே. உங்கள் பாயில் யாரும் படுக்கவில்லையே.

வெளியே வந்து ஆற்றோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். இரண்டு வாத்துகள் எங்கள் காலடிக்கு வந்து ரொட்டிக்காக நின்றன. மலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தறியில் நீயும் பெரியம்மாவும்தானே உட்காருவீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நாடா? என்றாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது? கடைசி நாட்களில் உங்களுக்கு உறிஞ்சுவதற்கு நெஞ்சில் காற்று இல்லை. தாரை மாற்றுவீர்கள், நாடாவை வாயில் வைப்பீர்கள், கன்னம் குழிய இழுப்பீர்கள், நூல் வராது. இன்னொரு தடவை இழுப்பீர்கள். அப்புறம் இருமிவிட்டு, ஈரத்தோடு அதை என்னிடம் நீட்டுவீர்கள்.

"மூச்சு பத்தலடி. நீ இழு."

நான் முந்தானையால்கூடத் துடைக்காமல் வாங்கி இழுப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தார் தீருமோ அத்தனை தடவை. இழுத்து முடித்ததும் எழுந்துபோய்க் குழந்தைக்குப் பால் கொடுப்பேன். கொஞ்சுவேன். வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுப்பேன். தட்டைப் பிரித்தோம், டம்ளரைப் பிரித்தோம். நாடா நம் இருவருக்கும் பாத்திரமாகவே தோன்றவில்லை. அது வேலை. கையின் ஒரு பகுதி.

நான் வாய் திறக்குமுன்பே மலர் நர்ஸ் மாதிரிப் பேசினாள். நாடாவில்தான் வந்தது என்று சொல்ல முடியாது, இது மூச்சுக்காற்றில் பரவுவது, ஒரே பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்ததே போதும் என்றாள். தட்டிலும் டம்ளரிலும் இது வருவதே இல்லையாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் பார்த்துப் பார்த்து ஒதுக்கியதெல்லாம் ஒன்றும் செய்யாத சாமான்கள். நாடாவில் வாய் வைக்கக்கூடாது என்று அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற சங்கதி, நம் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. யார்மேல் கோபப்படுவது? அந்த வாத்துகளைத்தான் சூ என்று விரட்டினேன்.

உங்களை எரித்துவிட்டு வந்த மறுநாள், உங்கள் வாய் பட்டதையெல்லாம் நாகநதியில் கொண்டுபோய்ப் போட்டார் மூத்தவர். தட்டு, டம்ளர், பாய், தலையணை. தறியில் உங்கள் புடவை பாதியில் நின்றது. மயில்கழுத்து நிறம். நாடாவுக்குள் நீங்கள் போட்ட தார் தீராமல் இருந்தது. தீட்டுக் கழிந்ததும் உட்கார்ந்து அதே நாடாவால் அந்தப் புடவையை நான் முடித்தேன். யாரோ ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு கல்யாணம் செய்துகொண்டாள். நல்லா இருக்கட்டும்.

ஊருக்கு வந்ததும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஒரு மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கி செய்து கொடுத்தேன். நூலை இதை விட்டு இழு, வாயை வைக்காதே என்றேன். சரிங்கக்கா என்று வாங்கித் தறிக்கட்டையில் செருகி வைத்தாள். அடுத்த தார் தீர்ந்ததும் வாயாலேயே உறிஞ்சினாள். கேட்டால், இதுதான் ஜல்தியா ஆவுது என்கிறாள். தினமும் போய் நிற்கிறேன். நான் நிற்கும்போது மட்டும் கொக்கியை எடுக்கிறாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் உங்களைக் கடைசியாகப் பார்த்த நாள் எனக்கும் மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். மலரின் கழுத்துக் கட்டியையும் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றுதான் இருந்தேன். கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில் வரும்போதே முகத்தைச் சரிசெய்துகொண்டுதான் வந்தேன். எப்படியோ உங்கள் காதுக்குப் போய்விட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். கையில் எலும்புதான் இருந்தது.

"நான் கொழந்தய தொடவே இல்லடி. என்னால வர்லதான?"

இல்லக்கா, உங்களால வர்ல என்றேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினீர்கள். பாதியில் விடாமல் மாத்திரையை முடிக்கச் சொன்னீர்கள். முடித்தேன். நானும் மலரும் உயிரோடு இருக்கிறோம்.

அன்றைக்கு நான் சொன்னது, எனக்குத் தெரிந்த வரைக்கும் நிஜம். இன்றைக்கு அது அப்படி இல்லை. ஆற்றோரப் பெஞ்சில் மலரும் அதைத்தான் கேட்டாள், பெரியம்மாவுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். தன்னைத் தொடாமலே போன பெரியம்மாவுக்காக என் மகள் அந்தக் குளிரில் உட்கார்ந்து அழுதாள் அக்கா. உங்கள்மேல் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தப் பதிலை மட்டும் நான் மாற்றப்போவதில்லை. என்றைக்காவது நான் அங்கே வந்து, நீங்கள் திரும்பவும் என் மணிக்கட்டைப் பிடித்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

இல்லக்கா. உங்களால வர்ல.