உதவினேன், நடத்தினேன்

அக்டோபர் 14, செவ்வாய்
தன்விவரக் குறிப்பில் ஒரே ஒரு வரி. காலையிலிருந்து நாலு தரம் அழித்துவிட்டேன். ஆராய்ச்சி உதவியாளர், ஆய்வுக்கூட உதவியாளர் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தன. "ஆசிரிய உதவியாளர், மண்ணியல் 210" மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள்: ஒரு பாடமாவது தனியாக நடத்தியிருக்க வேண்டும். நடத்தினேனே! போன வசந்தப் பருவத்தில் ஐந்தாம் வாரம் முதல் கடைசி வரை எண்பத்தாறு பேருக்கு வகுப்பு, வினாத்தாள், மதிப்பெண் எல்லாம் நான்தான்.

அக்டோபர் 15
அறைத்தோழி ரெனே நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டாள். "'பாடம் நடத்துவதில் உதவினேன்'னா? என்னடி உதவி, காபி வாங்கிக் குடுத்தியா? மினசோட்டாக்காரியாச்சே! வீடே பத்தி எரிஞ்சாலும் 'கொஞ்சம் சூடா இருக்கு'ன்னுதான் சொல்லுவே."

சிரித்து வைத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு
இங்கேயாவது எழுதுகிறேன். போன வசந்தத்தில் அந்தப் பாடத்தை நடத்த வேண்டிய பேராசிரியர் லோயிஸுக்கு மார்பில் புற்றுநோய் அறுவை சிகிச்சை, அப்புறம் மருந்து. துறையில் யாருக்கும் தெரியாது. விடுப்பு கேட்டால் ஆய்வுக்கூடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். "ஒரே வாரம், மாரிட். பாத்துக்கோ. வெளிய சொல்லாதே" என்றார். பதினோரு வாரம் ஆனது.

"நடத்தினேன்" என்று எழுதினால், அப்போது அவர் எங்கே போயிருந்தார் என்று கேட்பார்கள். "உதவினேன்" என்று எழுதினால் இந்த வேலை எனக்கில்லை. நோயாளி மேல் கோபம் வருகிறதே, நான் என்ன ஜென்மம்?

அக்டோபர் 22
துறையின் இணையப் பக்கத்தில் லோயிஸின் தன்விவரத்தைத் தேடிப் பார்த்தேன். "நடத்திய பாடங்கள்" பட்டியலில் மண்ணியல் 210, வசந்தப் பருவம். அப்போ தொண்டை கட்டிப்போற வரைக்கும் கத்தினது யாரு?

நேரே அவர் அறைக்குப் போய் என் தாளை நீட்டினேன். "இந்த இடத்துல என்ன எழுதட்டும், லோயிஸ்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் நியமனக் கடிதத்துல உதவியாளர்னுதானே இருக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முடி இப்போதுதான் காது வரை வளர்ந்திருக்கிறது. அதற்கு மேல் என்ன கேட்பது? வந்துவிட்டேன்.

அக்டோபர் 31
அனுப்பியாயிற்று. "உதவினேன்." கோழை.

நவம்பர் 12, புதன்
அந்தக் கல்லூரித் தேர்வுக்குழுத் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார். நேர்காணலுக்கு வரச் சொல்லிவிட்டு, "பதினோரு வாரம் நீங்கதான் தனியா நடத்தினீங்கன்னு பேராசிரியர் லோயிஸ் பரிந்துரைக் கடிதத்துல எழுதியிருக்காங்க. நீங்க ஏன் அதைப் போடலை?" என்றார்.

பாழாய்ப்போன வாய்! "கொஞ்சம் உதவினேன், அவ்வளவுதான்" என்றது.

ஓடினேன். லோயிஸ் அறை பூட்டியிருந்தது. துறைத்தலைவரிடம் பேசப் போயிருக்கிறாராம், காலையிலிருந்து அங்கேதான் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். என் இடத்துக்கு வந்து இணையப் பக்கத்தைத் திறந்தேன்.

அவர் நடத்திய பாடங்களின் பட்டியலில் போன வசந்தப் பருவம் இல்லை.