கவலைப்பட ஒன்றுமில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். அம்மாவின் இருமல் நின்றதா?

எங்கள் அலுவலகத்தில் யார் புரோகிராமில் கைவைத்தாலும், திருடன் நுழைய வழி உண்டாகிறதா என்று முதலில் ஓர் இயந்திரம் சோதிக்கும். புரோகிராமைத் தொடாமல், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் குறிப்பை மட்டும் திருத்தினால், "சிறிய மாற்றம், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று எழுதிவிடும். நாங்களும் திறந்து பார்க்காமலே சரி என்று அழுத்திவிடுவோம்.

போன வாரம் டீ ஆறும் வரை அப்படி ஒரு குறிப்பைத் திறந்தேன். 'வேலை சீக்கிரம் முடிய, பாஸ்வேர்டு சோதனையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்' என்று புதிதாக ஒரு வரி. தடுத்து வைத்தேன். எழுதிய சீனியர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"வெறும் குறிப்புதானேம்மா, அதுல என்ன ஆபத்து?"

"புதுசா வர்றவங்க அதைப் பாத்து அப்படியே செய்வாங்க சார்."

அவர் அந்த வரியைத் தானே எடுத்துவிட்டார். இப்போது எல்லாக் குறிப்பும் என் கண்ணில் பட்ட பிறகுதான் போகிறது. அதனால் பலருக்கு என் மேல் கடுப்பு; மதியம் சாப்பாட்டு மேசையில் எனக்கு இடம் தாராளமாகக் கிடைக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள்: பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிட வேண்டாம். அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கட்டும். பாத்திரச் சத்தம் கேட்டால் போதும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். உங்கள் முழங்காலைப் பற்றி, "லேசான வலிதான், கவலைப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாசகம் எனக்கு நன்றாகப் பழக்கம் அப்பா. டாக்டர் எழுதிய சீட்டைப் படமெடுத்து இன்றே அனுப்புங்கள்.

உங்கள் மகள்