காலிக் குடிலின் முன்னால்

முக்குச்சீஸ்
19 ஜனவரி 2018

என் கிறிஸ்துமஸ் குடிலில் கைவைத்த திருடி ரொசௌராவுக்கு,

எதெல்வினா எழுதுகிறேன். கூகுத்தாவுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? உன் மகள் யூலிமாருக்கு இருமல் நின்றதா? என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவள் நான்.

மூன்று ராஜாக்கள் திருநாளன்று குடிலில் வைக்கோல் மட்டும் கிடந்தபோதே உன் கைவரிசை என்று தெரிந்துவிட்டது. அதில் வருத்தமில்லை. பாலன் சிலையைத் திருடி ஒளிப்பதும், ஊரே வயலினோடு தேடி வந்து, பட்டுத்துணியில் ஏந்திப்போய்க் குடிலில் நிற்க வைப்பதும் நம் வழக்கம்தானே. ஆனால் மூட்டையோடு சேர்த்து எல்லை தாண்டிக் கொண்டுபோய் ஒளித்தவள் நீ ஒருத்திதானடி. வயலின்காரர் அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்?

விளையாட்டு போதும். என் வீட்டுக்காரர் பெனிக்னோ படுத்த படுக்கை. மூச்சு இழுக்கிறது. “பாலன் நின்னாத்தான் நமக்கு வருஷம் நிக்கும். நிக்க வெச்சு ஒருவாட்டி பாத்துட்டாப் போதும்” என்கிறார். அது அவர் அம்மா வைத்துக் கும்பிட்ட பாலன். பிப்ரவரி இரண்டு, மெழுகுதிரித் திருநாளுக்குள் பஸ் ஓட்டுகிற சூச்சோவிடம் கொடுத்தனுப்பு.

உன் எதெல்வினா

கூகுத்தா
25 ஜனவரி

அன்புள்ள அக்கா,

அண்ணனுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். விடியற்காலை அவசரத்தில் துணிகளோடு பாலனும் வந்துவிட்டார். வந்த வாரமே யூலிமாருக்குக் காய்ச்சல் கொதித்தது. பாலனை அவள் நெஞ்சில் வைத்து முழங்கால் போட்டேன். காய்ச்சல் இறங்கியது. இப்போது இந்த வளவுப் பெண்களெல்லாம் சாயங்காலம் என் அறைக்குத்தான் ஜெபமாலை சொல்ல வருகிறார்கள். நான்தான் முன்னால் நின்று சொல்கிறேன். யாருடைய பாலன் என்று கேட்டார்கள். எங்கள் அம்மாவுடையது என்று வாயில் வந்துவிட்டது.

பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது. வழியில் சிப்பாய்கள் பிடுங்கிக்கொள்வார்கள். நீங்கள் அங்கிருந்தே ஜெபியுங்கள் அக்கா. கடவுள் எங்கும் இருக்கிறார்.

உங்கள் ரொசௌரா

முக்குச்சீஸ்
28 ஜனவரி

ஜெபக்காரி ரொசௌராவுக்கு,

உன் அம்மாவுக்குக் குடில் ஏது? கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில்தான் முழங்கால் போடுவாள், அதுவும் சூப்பில் முட்டை மிதந்தால்.

கடவுள் எங்கும் இருக்கிறார் என்றால் உன் அறையிலும் இருப்பாரே. அப்புறம் என் பாலன் எதற்கு? யூலிமார் தேறியது எனக்கும் சந்தோஷம்தான். என் வீட்டிலும் ஒரு நெஞ்சு இழுத்துக்கொண்டிருக்கிறது. சூச்சோ உன் வாசலுக்கே வருவான். சிப்பாய்கள் கண்ணில் படாமல் என்ஜின் பக்கம் வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்கிறான்.

எதெல்வினா

முக்குச்சீஸ்
12 மார்ச்

ரொசௌராவுக்கு,

சூச்சோ வெறுங்கையோடுதான் வந்தான். வாசலில் யூலிமார் நின்று, “அம்மா வீட்ல இல்ல” என்றாளாம். உள்ளே நீ ஜெபமாலை சொல்லும் குரல் தெருவரை கேட்டதாம். நல்ல குரல் உனக்கு.

மெழுகுதிரித் திருநாளன்று வயலின்காரர் வந்தார், அக்கம்பக்கமும் வந்தது. எதைத் தூக்குவதென்று முழித்தார்கள். பெனிக்னோதான் படுக்கையிலிருந்து, “துணிய விரிங்க” என்றார். பட்டுத்துணியின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு வெறும் துணியை வீட்டைச் சுற்றித் தூக்கி வந்தோம். பாட்டும் பாடினோம். முடிந்ததும் கேட்டார்.

“நின்னுட்டாரா?”

“நிக்கிறாரு” என்றேன்.

மறு வாரம் போய்விட்டார்.

குடிலை இன்னும் பிரிக்கவில்லை. சாயங்காலமானால் அந்த வைக்கோல் முன்னால் முழங்கால் போடுகிறேன். முதலில் உன்னைத் திட்டத்தான் போட்டேன். எனக்குத் தெரிந்த வசவு எவ்வளவு என்று உனக்கே தெரியும். அதுவும் தீர்ந்து போயிற்று. அப்புறம் வாய் தானாகப் பரலோக மந்திரம் சொல்ல ஆரம்பித்தது. “எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல” என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறேன். அதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் எழுந்திருக்கும்போது காலில் பலம் இருக்கிறது. உருளைக்கிழங்கைத் தனியாகவே தோண்டி எடுத்துவிட்டேன். பாதி ஜெபத்துக்கே இவ்வளவு தருகிறவர் நல்லவர்தான்.

பாலனை நீயே வைத்துக்கொள். டிசம்பரில் திருப்பிக் கொடுக்கிறேன் என்று வந்து நிற்காதே. வைக்கோல் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் இடமில்லை.

எதெல்வினா