அம்மா படித்த நடுப்பாகம்

குன்றத்தூர்
5.5.91

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழிலரசி எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். கார்த்திகையில் அப்பா போனதிலிருந்து இந்த வரியை வழக்கத்துக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். இன்று மனதார எழுதுகிறேன், நம்பு. மாமாவும் குழந்தை ரஞ்சனியும் சௌக்கியமா? பிலாயில் வெயில் எப்படி? இங்கே அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கம்பெனி வண்டியின் ஜன்னல் கம்பியைத் தொட்டால் தோசைக்கல்தான்.

உன் கடிதம் கிடைத்தது. லீவு முடிவதற்குள் மாமாவோடு வந்து அம்மாவை அங்கேயே அழைத்துப் போய்விடுவதாக எழுதியிருந்தாய். வாசற்படி தாண்டாமல் இப்படியே கிடந்தால் அவளும் நமக்கு இல்லாமல் போய்விடுவாள் என்று நீ பயந்தது நியாயம்தான். எனக்கும் அதே பயம். வருஷம் திரும்பும்வரை வெளியே தலைகாட்டக் கூடாது என்று எதிர்வீட்டுத் தாயாரம்மாள் அத்தை சொன்னது ஒருபுறம், அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒருபுறம். சடங்கு சம்பிரதாயம் பார்க்காத நம் அப்பா இருந்திருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பார். அம்மா கஞ்சி வைப்பாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது, அக்கா.

இனிமேல்தான் விஷயம். வண்டியின் கடைசி சீட்டில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து மாதம் ஒரு நாவல் வாங்குவோம். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்குமே, அதுதான். ஒருத்தி படித்து முடிக்கும்வரை காத்திருக்கும் பொறுமை எவளுக்கும் கிடையாது. அதனால் பின்னைப் பிடுங்கி, புத்தகத்தை நாலாகப் பிரித்துக்கொள்வோம். கிடைத்ததைப் படித்துவிட்டு மாற்றிக்கொள்ள வேண்டியது. கடைசிப் பாகம் முதலில் கிடைத்தவள் கதாநாயகியைத் தெய்வம் என்பாள். நடுப்பாகம் கிடைத்தவள் அவளைப் போல ராட்சசி உண்டா என்பாள். செம்பரம்பாக்கம் ஏரி வந்து போவதுகூடத் தெரியாமல் சண்டை நடக்கும். டிரைவர் மண்ணாங்கட்டி அண்ணன் ஒருநாள் இது ஏதோ நிஜக் குடும்பத் தகராறு என்று நினைத்து, பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இந்த மாதக் கதை கோமளம் என்று ஒரு சமையல்காரியைப் பற்றியது. வாய் நீளம், கை சுத்தம். வேலை பார்க்கும் வீட்டுப் பெரியம்மா அவளைப் படுத்தாத பாடில்லை. நடுவில் ஒரு பாகம் எனக்கு வந்தது. துக்க வீட்டில் கதைப் புத்தகமா என்று அம்மா நினைத்துவிடக் கூடாதே என்று சாப்பாட்டுப் பையிலேயே மறைத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை டப்பாவைக் கழுவ எடுத்தபோது அது அம்மா கையில் சிக்கிவிட்டது.

நேற்றுக் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்றாள்.

“அந்தப் பொண்ணு பாயசத்துல உப்பப் போட்டாளா இல்லியாடி?”

வாயில் நுரையோடு திரும்பிப் பார்த்தேன். என் பாகம் அங்கேதான் முடிகிறது. நிச்சயதார்த்த விருந்து, ஊரே கூடியிருக்கிறது, எல்லோர் முன்னாலும் பெரியம்மா கோமளத்தைத் திருடி என்று சொல்லிவிடுகிறாள். கோமளம் கை நிறைய உப்போடு பாயச அண்டா முன்னால் நிற்கிறாள். எனக்கும் மேலே தெரியாது, மிச்சம் லீலாவிடம் இருக்கிறது என்றேன். எந்த லீலா என்று கேட்டாள். மலையடிவாரத்தில் பிள்ளையார் கோயிலை ஒட்டிய வீடு, இன்று அவளுக்கு லீவு, திங்கட்கிழமை வண்டியில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். போடத்தான் வேண்டும், நானாக இருந்தால் எப்போதோ போட்டிருப்பேன் என்று அம்மா முணுமுணுத்தது காதில் விழுந்தது.

சாயங்காலம் வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பொய் சொல்வானேன், பின்பக்கம் போய்க் கிணற்றைத்தான் முதலில் எட்டிப் பார்த்தேன். அதற்குள் அத்தை எதிர்வீட்டிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். உச்சி வெயிலில் அம்மா தன்பாட்டுக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பினாளாம். எங்கே என்று கேட்டதற்கு, “ஒரு பொண்ணுக்கு இன்னா ஆச்சின்னு பாத்துட்டு வரேன், அண்ணி” என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டாளாம். யாருக்கு என்ன ஆபத்து, எந்த ஆஸ்பத்திரி என்று அத்தை என்னைக் குடைந்தாள். எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. ஓடினேன்.

லீலா வீட்டு வாசலுக்குப் போகும்போதே உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம். ஃபேனுக்குக் கீழே, காலை நீட்டி உட்கார்ந்து, கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, லீலாவின் அம்மாவோடு சண்டை. பெரியம்மாவுக்கு அந்தத் தண்டனை போதாது என்பது நம் அம்மாவின் கட்சி. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்து அழுதேன், அக்கா. சந்தோஷத்தில் இப்படி அழுகை வரும் என்று எனக்குத் தெரியாது. நாம் ஜெயித்துவிட்டோம்.

திரும்பி வரும்போது அத்தை வாசலிலேயே நின்றிருந்தாள். அம்மா தலையைக் குனியவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தாள். அடுத்த மாதம் புத்தகத்தை ஐந்தாகப் பிரிக்க வேண்டுமாம், முதல் பாகம் தனக்காம். இன்று மீன் குழம்பு வைத்து, என்னை இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ளச் சொல்லி அதட்டினாள்.

உன் கடிதத்தைச் சாப்பிட்டதும் படித்துக் காட்டினேன். பிலாயில் இந்தப் புத்தகமெல்லாம் கிடைக்குமா என்று கேட்டாள். அங்கே எல்லாம் ஹிந்தி என்றேன். “அப்ப அவள இங்க வரச் சொல்லு” என்றாள்.

அதனால் அம்மாவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல். நீயும் குழந்தையும் கட்டாயம் வாருங்கள். கோமளம் உப்பைப் போட்டாளா என்று நான் எழுதக் கூடாதாம், அம்மா உத்தரவு. வந்து அவளிடமே கேள். அப்பா காரியத்துக்கு வர முடியாமல் போன நீ, வெறும் கழுத்தும் வெறும் நெற்றியுமாக அவளை முதல்முதலாகப் பார்க்கப் போகிறாய். தயவுசெய்து அழுதுவிடாதே, அக்கா. பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் கதையைக் கேள். அவள் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நாம் மூன்று பேரும் சேர்ந்து அழுதுகொள்ளலாம்.

உன் வழி பார்த்திருக்கும் தங்கை,
எழில்