கடைசியா வந்த மஞ்சள் தொப்பி

சிட்டு, அம்மா எழுதறேன். நானும் அப்பாவும் இங்க சௌக்கியம், என் ரெண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்துப்போனதைத் தவிர. அது ஏன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்க வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாம, நேரத்துக்குத் தூங்கி நல்லா இருக்கேன்னு நம்பிக்கிட்டே ஆரம்பிக்கிறேன். போன்லயே சொல்லியிருக்கலாம், ஆனா நான் முதல் வரி சொல்லி முடிக்கறதுக்குள்ள நீ நடுவுல புகுந்து என்னைத் திட்டி, அப்புறம் அப்பாகிட்ட போனைக் குடுக்கச் சொல்லி அவரையும் திட்டியிருப்பே. காகிதத்துல உனக்கு அந்த வசதி கிடையாது, முழுசா படிச்சுத்தான் ஆகணும்.

போன ஞாயித்துக்கிழமை நான் டிரையத்லான்ல கலந்துக்கிட்டேன். ஆமா, நீ ஒரு வருஷமா கலர் கலரா கட்டம் போட்டு அட்டவணை வெச்சு, ரெண்டு தடவை பேர் குடுத்து, பயிற்சி இன்னும் போதலன்னு ரெண்டு தடவையும் வீட்லயே இருந்தியே, அதேதான். உன்னோடது பெருசு, என்னோடது குட்டி. ஏரியில நானூறு மீட்டர் நீச்சல், பத்து கிலோமீட்டர் சைக்கிள், ரெண்டரை கிலோமீட்டர் ஓட்டம், ஒண்ணு முடிச்ச கையோட அடுத்தது. எத்தனை நாள் பயிற்சின்னு கேப்பே. மூணு வாரம். அதுலயும் ஒரு வாரம் எனக்கு ஜலதோஷம்.

எங்க ஆபீஸ்லேர்ந்து எல்லாரும் சேர்ந்து போறதா எங்க சூப்பர்வைசரா இருக்கற சின்னப் பொண்ணு பேர் எழுதிக்கிட்டு வந்தா. என் மேஜைகிட்ட வந்ததும் நோட்டை மூடிட்டு, அக்கா நீங்க தண்ணி பாட்டில் குடுக்கற இடத்துல நின்னுக்கோங்க, அங்க நிழலா இருக்கும்னு சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. ஆனா இருபத்தாறு வருஷமா வீடு வீடாப் போய் தண்ணி மீட்டர் ரீடிங் எடுக்கறவ நான், சந்து பொந்தெல்லாம் சைக்கிள் மிதிச்சு, லிஃப்ட் இல்லாத மாடியெல்லாம் ஏறி இறங்கறவ. நிழல்ல நில்லுன்னதும் சுருக்குன்னுச்சு. நோட்டைத் திறக்கச் சொல்லி என் பேரை நானே எழுதினேன். எழுதி முடிச்சப்புறம்தான் நீச்சல் குளத்துலயா ஏரியிலயான்னு கேட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அது உன் அப்பா. ஏணியிலேர்ந்து விழுந்து பதினாலு மாசம் ஆச்சு, எலும்பு நல்லா கூடிடுச்சு, ஊன்றுகோலைத் தூக்கிப் போடுங்கன்னு டாக்டர் நாலு தடவை சொல்லிட்டார். இவர் குளிக்கப் போனாக்கூட அதையும் துணைக்குக் கூட்டிக்கிட்டுப் போறார். நம்ம மாடிப்படி முப்பத்தெட்டு, ஆஸ்பத்திரிக்குத் தவிர அவர் அதுல இறங்கினதே இல்ல. ஒயரிங் வேலைக்குன்னு ஊரெல்லாம் சுத்தின மனுஷன் இப்ப ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தெருவை நிர்வாகம் பண்றார். எந்த வண்டி எங்க நிக்கணும், கீழ மருந்துக்கடைக்காரர் இன்னிக்கு எத்தனை நிமிஷம் லேட்டு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. உன்கிட்ட போன்ல நடக்கறேன் நடக்கறேன்னு சொல்றாரே, அது கட்டில்லேர்ந்து ஜன்னலுக்கு. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், ஒரு வாரம் பேசாம இருந்தும் பார்த்தேன், அது அவருக்கு நிம்மதியாப் போச்சு. இந்த வீட்ல ஒருத்தராவது காலை வீசி நடக்கட்டும்னு எனக்குள்ள ஒரு கோபம்.

பயிற்சின்னு பெருசா என்னத்தைச் சொல்ல. கழுத்துவலிக்காக நீச்சல் குளத்துக்குப் போறேனே, அங்க நாலு தடவை கூடுதலா நீந்தினேன், எப்பவும் போல தலையைத் தூக்கிக்கிட்டு, தவளை மாதிரி. சைக்கிள் என் ஆபீஸ் சைக்கிள்தான், முன்னாடி கூடையோட. ஓட்டம் மொத்தம் மூணு நாள், அதுல ஒரு நாள் நாய் துரத்தினதால. அப்பா ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு, உனக்கு நீச்சல்னா தலை நனையக்கூடாது, ஓட்டம்னா வேர்க்கக்கூடாது, நல்ல வீராங்கனைன்னு சொன்னார். நான் மூச்சு வாங்கிக்கிட்டே அடுத்த சந்துல திரும்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில, என் பையைப் பார்த்துக்க ஆள் இல்லன்னு லேசா சொல்லி வெச்சேன். மருந்துக்கடைக்காரர் கார்ல கொண்டுபோய் விடறேன்னார். அப்பா முணுமுணுத்துக்கிட்டே இறங்கினார், முப்பத்தெட்டு படிக்கு கால் மணி நேரம், ஒவ்வொரு படியிலயும் அந்தக் கோலால ரெண்டு தட்டு. ஏரிக்கரையில வேலிகிட்ட ஒரு மடக்கு நாற்காலி போட்டு, என் பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தார். எங்களுக்கெல்லாம் மஞ்சள் தொப்பி குடுத்தாங்க. அறுபத்திரெண்டு பேர்னு மைக்ல சொன்னாங்க.

இனிமே எழுதறதைப் படிச்சுப் பதறாதே, நான் முழுசா உக்காந்துதான் எழுதிக்கிட்டு இருக்கேன். விசில் ஊதினதும் எல்லாரும் ஒரே நேரத்துல தண்ணியில பாஞ்சாங்க. யார் காலோ என் தோள்ல, யார் கையோ என் முகத்துல. குளத்துல கீழ நீலக் கட்டம் தெரியும், இங்க கீழ பார்த்தா கறுப்புதான். ரெண்டு வாய் தண்ணி குடிச்சேன், மூச்சு அடைச்சு கை கால் உதற ஆரம்பிச்சுடுச்சு. நூறு மீட்டர்கூட போயிருக்க மாட்டேன். காவலுக்கு இருந்த சின்னப் படகு பக்கத்துல வந்துச்சு, அதோட விளிம்பைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். படகுல இருந்த அம்மா, எவ்வளவு நேரம் வேணா பிடிச்சுக்கோங்க, தப்பில்ல, ஆனா படகு நகராது, நீங்கதான் நகரணும், வேண்டாம்னா ஏத்திக்கறேன்னு சொன்னாங்க. ஏத்திக்கோங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன் சிட்டு. உண்மையைச் சொல்றேன். வாயைத் திறந்தா இருமல்தான் வந்துச்சு. இருமி முடிக்கறதுக்குள்ள மத்தவங்க எல்லாம் தூரப் போய், என்னைச் சுத்தித் தண்ணி அமைதியாயிடுச்சு. அமைதியானதும் பயமும் கொஞ்சம் தணிஞ்சுச்சு. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கிட்டே காலை உதைச்சேன். படகு பின்னாடியே வந்துச்சு. ரெண்டு பேரைப் பாதியிலயே கரையேத்திட்டாங்களாம், மிச்சத்துல கடைசியா வெளிய வந்தது நான்தான். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வேலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். ஒவ்வொரு மஞ்சள் தொப்பியா எண்ணிக்கிட்டே இருந்திருக்கார். கிட்ட போனா முகம் வெளுத்திருந்துச்சு.

சைக்கிள்ல மட்டும் என்னைக் கேலி பண்ண முடியாது. மூணு பேரை முந்தினேன், அதுல ஒருத்தர் சைக்கிள் நம்ம வீட்டு ஃப்ரிட்ஜை விட விலை கூடினதாம். நீச்சல் தொப்பியைக் கழட்டாமலே ஹெல்மெட்டை மாட்டிட்டேன்னு பாதி வழியிலதான் தெரிஞ்சுச்சு. வேர்வை உள்ளயே கொதிச்சுச்சு.

ஓட ஆரம்பிச்சதும் கால் என்னோடது இல்ல, யாரோ ஒட்டவெச்சது மாதிரி. சைக்கிள்ல நான் முந்தின மூணு பேரும் என்னைத் தாண்டிப் போனாங்க, அந்த ஃப்ரிட்ஜ்காரர் மட்டும் டாட்டா காட்டினார். திரும்பற இடத்துல கெண்டைக்கால் பிடிச்சு இழுத்துச்சு. அப்படியே நடைபாதை ஓரக்கல்லுல உக்காந்துட்டேன். அங்க முடிக்கற இடத்துல தடுப்பு நாடாவையெல்லாம் சுருட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பா கேட்டிருக்கார், இன்னும் ஒருத்தர் வரணுமேன்னு. வேன் போய் ஏத்திக்கிட்டு வரும் சார், நீங்க உக்காருங்கன்னு சொல்லியிருக்காங்க.

நான் காலை நீவிக்கிட்டு உக்காந்திருக்கேன், எதிர்ல ஒரு ஆள் விறுவிறுன்னு வரார். ஊன்றுகோல் கக்கத்துல இருக்கு, தரையில படவே இல்ல. அந்த நடை பதினாலு மாசமா பார்க்காத நடை, எனக்கே அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆச்சு. கிட்ட வந்து, திட்டுவார்னு பார்த்தா, தண்ணியில ஒண்ணு, இங்க ஒண்ணு, ஒரே நாள்ல ரெண்டு தடவை என்னைப் பயமுறுத்தாதேன்னு சொன்னார். நான், கால்ல செருப்பு மாத்திப் போட்டிருக்கீங்கன்னு சொன்னேன். நிஜமாவே மாத்தித்தான் போட்டிருந்தார்.

கையைக் குடுத்துத் தூக்கிவிட வந்தார். அதுக்குள்ள சைக்கிள்ல வந்த தொண்டர் ஒருத்தர், சார் தொடாதீங்க, தொட்டா அவங்களைப் போட்டியிலேர்ந்து நீக்கிடுவாங்கன்னு கத்தினார். அப்பா சட்டுன்னு கையைப் பின்னால கட்டிக்கிட்டார். நானே எழுந்தேன். அவர் புல்தரையில, நான் பாதையில, நடுவுல ஒரு கை தூரம், அப்படியே ஒரு கிலோமீட்டருக்கு மேல வந்தோம். வழியெல்லாம் எனக்கு உத்தரவு, இந்தக் காலை வை, மெதுவா, மூச்சு விடு, இன்னும் ரெண்டு விளக்குக் கம்பம்தான். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துல இவ்வளவு தூரம் சண்டை போடாம சேர்ந்து நடந்தது இதுதான் முதல் தடவை. எத்தனாவதுன்னு கேப்பே. அறுபது பேர் முடிச்சாங்க, நான் அறுபதாவது. சூப்பர்வைசர் பொண்ணுதான் எனக்குத் தண்ணி பாட்டில் குடுத்தா, நிழல்ல நின்னுக்கிட்டு.

மறுநாள் ரெண்டு பேராலயும் எழுந்திருக்க முடியல. அவர் முட்டி வீங்கியிருந்ததைப் பார்த்து எனக்கு உயிரே இல்ல. டாக்டர் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல, தூங்கிக்கிட்டு இருந்த தசை முழிச்சிருக்கு, தினமும் நடங்கன்னார். ஒரு களிம்பு ட்யூபுக்கு ரெண்டு பேரும் நாலு நாள் சண்டை. ஏணி பயம் இன்னும் போகல, அதை நான் கேக்கவும் இல்ல.

வேற செய்தி, சித்தி வீட்டுக் குட்டிக்குப் பல் முளைச்சு எல்லாரையும் கடிக்குது. உன் அறைத்தோழிக்குக் காய்ச்சல்னியே, தேவலையா. நீ நேரம் கெட்ட நேரத்துல காபி குடிக்காதே. அடுத்த போட்டிக்குப் பேர் குடுத்தா, அன்னிக்குக் காலையில எழுந்து போ, அட்டவணையை வீட்ல வெச்சுட்டு. புது செருப்போ ஷூவோ வாங்கினா ஒரு நம்பர் பெருசா வாங்கு, நகம் கறுக்காது. அப்பாகிட்ட இதைப் பத்தி நீயா ஆரம்பிக்காதே, அவரே சொல்வார். அவர் சொல்ற கதையில என்னை ஏரியிலேர்ந்து அவரே இழுத்துக் கரை சேர்த்ததா வரும், பாதி நம்பினா போதும்.

இன்னும் நிறைய எழுதலாம். ஆனா அப்பா சட்டை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறார், கடிதத்தைக் குடு, தெருமுனை தபால் பெட்டியில நானே போட்டுட்டு வரேங்கறார். ஊன்றுகோல் கட்டிலுக்குப் பக்கத்துல சாஞ்சிருக்கு, மறந்துட்டாரா வேணும்னே விட்டாரான்னு தெரியல, நான் கேக்கப் போறதில்ல. மனசு மாறறதுக்குள்ள மடிச்சுக் குடுக்கறேன். நோய் நொடி இல்லாம, மனசு நிறைஞ்சு நீ நல்லா இருக்கணும். சனிக்கிழமை போன் பண்ண மறக்காதே.

எப்பவும் உன்னை நெனச்சுக்கிட்டு இருக்கற,
அம்மா