ரோடெல் என்கிற பரபாஸ்

அனுப்புநர்
பெர்லிட்டா மகராயெக் (வயது 44),
நாடக இயக்குநர்,
சான் கெர்வாசியோ வட்டாரம்,
சாந்தா ரெமெடியோஸ் நகரம், பிலிப்பைன்ஸ்.

பெறுநர்
நகரக் காவல்துறைத் தலைவர் அவர்கள்,
சாந்தா ரெமெடியோஸ் நகரம்.

பொருள்: நாடக அனுமதிக்காக நான் கொடுத்த நடிகர் பட்டியல் போதைப்பொருள் கண்காணிப்புப் பட்டியலாக மாற்றப்பட்டது, ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டது, மற்ற பதினெட்டுப் பேரின் பெயர்களை நீக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினோரு ஆண்டுகளாகப் புனித வெள்ளியன்று எங்கள் கூடைப்பந்துத் திடலில் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்தி வருகிறேன். இந்த ஆண்டு அதை எங்கள் தெருவிலேயே நடக்கும் கதையாக அமைத்தோம். போர்வீரர்கள் கதவைத் தட்டி, பெயரைக் கேட்டு, ஆளைக் கூட்டிப்போவார்கள். போதைப்பொருள் வேட்டை தொடங்கிய கடந்த ஜூலை முதல் எங்கள் தெருவில் ஒன்பது பேர் அப்படித்தான் போனார்கள். பார்ப்பவர்களுக்கு அது புரிய வேண்டும் என்றே அப்படி அமைத்தோம்.

2. அனுமதிக்கு நடிகர்களின் பெயரும் முகவரியும் வேண்டும் என்று வட்டார அலுவலகம் கேட்டது. பிப்ரவரி 6 அன்று கொடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் ஏற்கும் பாத்திரத்தையும், யாரும் கேட்காமலே, எழுதினேன். கையெழுத்து சரியில்லை என்று இரண்டாம் முறை படியெடுத்தும் கொடுத்தேன். அந்தத் தாள் அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறது.

3. பிப்ரவரி 22 அன்று இரண்டு காவலர்கள் மீன் கடைக்கு வந்து, "லிட்டோ என்கிற யூதாஸ் யாருடா?" என்று கேட்டார்கள். மீன் விற்கும் லிட்டோ அபடில்யா (அவர் பெயர் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதால்தான் எழுதுகிறேன்), "நான்தான் சார். புனித வெள்ளி வரைக்கும்தான் யூதாஸ், மறுநாள் பழையபடி மீன்காரன்" என்றார். கடைத்தெருவே சிரித்தது. வந்தவர்கள் சிரிக்கவில்லை. போதைப் பழக்கத்தைக் கைவிட்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிப் போனார்கள். லிட்டோ இருமல் மருந்துக்கே தூங்கி விழுகிறவர்.

4. மார்ச் 11 மாலை, சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர் ரோடெல் சிம்புலன் (வயது 31) தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 'ரோடெல் (எ) பரபாஸ், போதைப்பொருள் விற்பவர், துப்பாக்கியால் எதிர்த்தார்' என்கிறது காவல் அறிக்கை. ரோடெலை எல்லோரும் போயெட் என்றுதான் கூப்பிட்டோம். இயேசுவுக்குப் பதிலாக விடுவிக்கும்படி கூட்டம் கேட்கும் கைதி பரபாஸ்; அந்த வேடத்தை அவருக்கு நான் கொடுத்தது பிப்ரவரி 5 அன்று. அந்தப் பெயர் அவர் பெயருக்கு எதிரே என் தாளில் மட்டுமே இருந்தது. உங்கள் ஆட்கள் அவரை விசாரிக்கவில்லை, ஐயா. என் தாளைப் பார்த்து எழுதினார்கள்.

5. அவர் மனைவி ஜெனலின் காவல் நிலையத்தில், "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது சார். சும்மா நிக்கணும், விடுதலைன்னு சொன்னா போயிடணும். அவ்வளவுதான்" என்றார். "அதான் போயிட்டான்ல, விடும்மா" என்றார் அங்கிருந்த அதிகாரி. பிறகு என்னிடம், "மேடம், ஒரு ஆளு குறையுதுல்ல? புதுப் பட்டியல் கொண்டாங்க, அனுமதியைப் புதுப்பிச்சுத் தர்றோம்" என்றார். வெளியே வந்து, நான் எழுதிய மற்ற பதினெட்டுப் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6. எனவே, அந்தப் பதினெட்டுப் பெயர்களையும் உடனே நீக்கி, நீக்கியதை எழுத்தில் தர வேண்டும். ரோடெலின் மரணத்தை இந்த நிலையத்தைச் சேராத அதிகாரி விசாரிக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஏப்ரல் 14 அன்று நாடகம் நடக்கும். யாரும் விலகவில்லை. பரபாஸின் இடத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். கூட்டம் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, தீர்ப்பளிக்கும் ஆளுநரான பிலாத்து காத்திருப்பார். தாங்களும் வந்து பார்க்கலாம்.

7. இம்மனுவில் கையெழுத்திட நேற்று இருநூறுக்கும் மேற்பட்டோர் திடலில் வரிசையில் நின்றார்கள். சிலர் சொந்தப் பேனாவோடு வந்திருந்தார்கள். ஒருவரையும் நான் கையெழுத்திட விடவில்லை. பெயர்கள் எழுதிய இன்னொரு தாள் என் கையிலிருந்து உங்கள் துறைக்கு வராது.

நாள்: 27.03.2017
இடம்: சான் கெர்வாசியோ

இப்படிக்கு, தனியொருத்தியாக,
பெர்லிட்டா மகராயெக்