உன் அப்பாவின் கறுத்துப்போகும் பிளக்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை. நீயும் மருமகளும் குட்டிப்பெண்ணும் நன்றாக இருக்கிறீர்களா, குட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா என்று எழுது. எனக்கு மனசுதான் ஒரேயடியாகக் கசந்து கிடக்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்பாய், சொன்னால் பக்கத்திலேயே உட்கார்ந்து உன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார், அதனால்தான் அவர் முடிவெட்டிக்கொள்ளப் போன நேரம் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

விஷயம் அந்த மோட்டார் சைக்கிள்தான். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நீ ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்தாய், அந்தக் காலத்து வண்டி மாதிரியே உருண்டை விளக்கும் வயிறு பெருத்த டேங்குமாக லட்சணமாகத்தான் இருக்கிறது, வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அதன் ஸ்பார்க் பிளக் என்கிற சனியன்தான் இந்த வீட்டைப் பிடித்து ஆட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதைக் கழற்றி, முனை கறுத்துவிட்டது பார் என்று படமெடுத்து உனக்கு அனுப்புகிறார், நீயும் உடனே கூப்பிடுகிறாய், அப்பனும் மகனும் ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்தப் படத்தில் தெரியாதது என்னவென்றால் அதை அவர் வைத்துப் படமெடுப்பது நாம் சாப்பிடுகிற மேசையின் மேல். கரி ஒட்டிய பழைய பிளக்குகள் என் டம்ளர்களில் பெட்ரோலில் ஊறிக்கொண்டிருக்கின்றன. போன வாரம் காலையில் பல் தேய்க்கிறேன், வாயெல்லாம் பெட்ரோல், குமட்டிக்கொண்டு வந்தது, பார்த்தால் என் பிரஷ்ஷை எடுத்துத்தான் பிளக்கைத் தேய்த்திருக்கிறார். கேட்டதற்கு, "கழுவித்தானே வெச்சேன்" என்கிறார். கழுவினாராம். விருந்தாளி வந்தால் தட்டில் கை வைத்திருக்கும்போதே பிளக்கை மூக்குக்கு நேரே நீட்டி, இது ஈரக் கரியா காய்ந்த கரியா சொல்லுங்கள் என்கிறார். உன் மாமி பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனவள் இன்னும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சரியான பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நீங்கள் எல்லோரும் அடித்த கூத்தை நினைத்தால் இன்னும் வெறுப்பாக இருக்கிறது. எஞ்சின் சூடாகிறது, அதற்குக் குளிர்ந்த பிளக்தான் போட வேண்டும் என்று காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற மாதிரி முதலில் ஒன்றை வாங்கி மாட்டினார். குளிர்ந்த பிளக் என்றால் சூட்டைச் சட்டென்று வெளியே கடத்திவிடும், கடைத்தெருவுக்கு மெதுவாக ஓட்டுகிறவனுக்கு அதில் கரி எரியாமல் படியத்தான் செய்யும் என்று நீ சொன்னாய், சரிதான், ஒரு எண் குறைத்து வாங்கச் சொன்னாய். நீ சொன்னது ஒரு கம்பெனியின் எண், இவர் வாங்கி வந்தது இன்னொரு கம்பெனியின் பிளக். முதல் கம்பெனியில் எண் குறைந்தால் சூடு கூடுமாம், இதில் எண் குறைந்தால் குளிர்ச்சிதான் கூடுமாம். ஆயுசு முழுக்க மருந்துக்கடையில் நின்று லேபிளைப் படிக்காமல் ஒரு மாத்திரையைக் கொடுக்காத மனுஷர், பெட்டியில் கம்பெனி பெயரைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தார் என்றால் நம்ப முடிகிறதா. நான் அன்றைக்கே நம்பியிருக்கக் கூடாது. அப்புறம் நீ அங்கிருந்தே பெட்டி பெட்டியாக அனுப்பினாய், தெருமுனை மெக்கானிக் தன் பங்குக்கு விரலில் எச்சிலைத் தொட்டுப் பிளக்கைத் துடைத்துப் பார்த்து வேறொன்றை மாட்டிவிட்டான், அவன் விரலைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசுகிறது. எதைப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமை கறுத்துத்தான் இருந்தது. ஏன் என்று உங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இதில் மலையில் இருக்கிற உன் தங்கைக்கு இப்போது ஏழாம் மாதம், பிரசவத்துக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று சொன்னேன். பஸ் எதற்கு, வண்டியிலேயே ஜம்மென்று மலையேறிவிடலாம் என்றார். தெருவில் நின்றுபோகிற வண்டி கொண்டை ஊசி வளைவில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன், அதற்குள் மகன் சரியான பிளக் சொல்லிவிடுவான் என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பயம்தான். அதற்கு ஒத்திகை மாதிரி செவ்வாய்க்கிழமை நாற்சந்தியில் நட்டநடுவே வண்டி இருமி இருமி நின்றுவிட்டது, பின்னால் நான், எனக்குப் பின்னால் லாரி. லாரிக்காரன் பிரேக் பிடித்த சத்தத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, அவன் இறங்கி வந்து கேட்ட கேள்விகளை இந்தக் காகிதத்தில் எழுத முடியாது. உன் அப்பா உதைக்கிறார் உதைக்கிறார், கிளம்பவில்லை, கூடின கூட்டத்திடம் "பிளக்கு சரியில்லைங்க, எல்லாம் டூப்ளிகேட்டு" என்று விளக்கம் வேறு. நான் பையோடு கீழே நின்று பார்த்தேன். இடது கைப்பிடியில் சோக் பாதி இழுத்தபடியே இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப ஒரு நிமிஷம் இழுத்துவிட்டு உள்ளே தள்ளிவிட வேண்டியது, அது எனக்கே தெரியும், இத்தனை வருஷம் பின்னால் உட்கார்ந்து வந்தவள்தானே. அதை இழுத்துவிட்டே ஓட்டினால் பெட்ரோல் கூடிப்போய் எந்தக் கம்பெனிப் பிளக்கும் கரியாகத்தான் போகும்.

மறந்துவிட்டார் பாவம் என்றுதான் நினைத்தேன். தள்ளிக்கொண்டுபோய் மெக்கானிக்கிடம் விட்டோம், அவன் சோக்கை உள்ளே தள்ளி, நீ அனுப்பியதில் ஒரு புதுப் பிளக்கைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், வண்டி கடிகாரம் மாதிரி ஓடியது. வீட்டுக்குத் திரும்பும்போது மெக்கானிக் கண்ணிலிருந்து மறைந்த முதல் திருப்பத்திலேயே உன் அப்பாவின் இடது கை மெதுவாகப் போய்ச் சோக்கை இழுத்தது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நுரையெல்லாம் கறுப்பு. இன்னொரு தரம் கேட்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "அவன்கிட்ட வேற என்னத்தப் பேசுறது சொல்லு. நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அதோட முடிஞ்சுபோச்சு. பிளக் கறுத்துப்போச்சுன்னு சொன்னா மட்டும்தான் உக்காந்து பேசுறான்."

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று நீ நினைப்பாய். வரவில்லையடா, சீ என்றுதான் வந்தது. மகன் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனுஷர் நல்ல எஞ்சினைக் கெடுத்து, பொண்டாட்டியை லாரிக்கு முன்னால் நிறுத்துவாரா. அவர் மேல் வந்த அருவருப்பு ஆறுவதற்குள் உன் மேல் வந்தது. கரிக்கட்டையைக் காட்டினால்தான் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று அவருக்குப் பழக்கியது யார். கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே, கோபம் என்றால் அன்றைக்கே கத்தித் தீர்த்திருப்பேன், இது வேறு, ஊசிப்போன சாப்பாட்டை வாயில் வைத்துவிட்ட மாதிரி இருக்கிறது.

சோக்கில் இனி கை வைத்தால் பின்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், சத்தியம் செய்திருக்கிறார். மலைக்குப் பஸ்ஸில்தான் போகிறோம், அதில் பேச்சே இல்லை. இனிப் பிளக் எதுவும் அனுப்பாதே, இருப்பதே பேரன் பேத்தி காலம் வரை வரும். நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கு ஏதோ தைலம் தடவுகிறேன் என்றாயே, தைலத்தோடு விட்டுவிடாமல் டாக்டரைப் பார். நீயும் மருமகளும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து இருங்கள், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பிளக் நல்ல பிஸ்கட் நிறத்தில் இருக்கும், உனக்கு அனுப்ப அவரிடம் படம் எதுவும் இருக்காது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். நீயாகக் கூப்பிடு. நான்தான் எடுப்பேன், எடுத்ததும் எப்போதும் போல "அப்பாகிட்ட குடும்மா" என்று சொல்லிவிடாதே, என்னிடமும் கொஞ்ச நேரம் பேசு, நான் எதையும் கெடுத்து வைத்திருக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா